கண்ணிகளின் கணக்கு

மும்பையில் இருந்துகொண்டு மப்ளர் பின்னுவதா என்று கேட்கும் அன்பர்களுக்கு முதலில் ஒரு சொல். இந்நகரின் குளிர்காலம் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களிலும் விடியற்காலை ரயிலைப் பிடிப்பவர்க்கன்றிப் பிறர்க்குக் கழுத்தில் கம்பளி வேண்டுவதில்லை. ஆயினும் நம்முள் அறிவியல் பயில்வோர் பலர் ஆண்டு முழுவதும் ஒரு குளிர்நாட்டில் குடியிருக்கிறோம். கருவி அறை என்பது அந்நாட்டின் பெயர். கருவிகளின் உடல்நலம் கருதி அங்கே இரவும் பகலும் குளிரூட்டி ஓடுகிறது; மாணவரின் உடல்நலம் கருதுவார் இல்லை. வெளியே மே மாதத்து வியர்வை, உள்ளே பற்கள் கிட்டும் குளிர். நான் மப்ளர் பின்னக் கற்றது இதன் பொருட்டே. வெயிலுக்குப் பெயர்போன சென்னையிலேயே 2016-ஆம் ஆண்டு சனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையைக் கொக்கியூசியால் பின்னிச் சேர்த்துக் கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றனர். ஆதலால் வெப்பநாட்டார்க்கு இக்கலை ஆகாது என்னும் வாதம் நிற்காது.

பின்னலைக் கற்குமுன் பின்னல் இன்னது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நீங்கள் அணிந்திருக்கும் பனியனின் ஓரத்தை ஒரு கைலென்சால் பாருங்கள். வெளிப்புறத்தில் சிறு சிறு இறகு வடிவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆங்கில ‘வி’ எழுத்தை அடுக்கிவைத்தாற்போல் தோன்றும். உட்புறத்தில் பிறை பிறையாக மேடுகள் தோன்றும். இரண்டும் ஒரே கண்ணியின் முன்னும் பின்னுமே. இனிச் சட்டைத் துணியைப் பாருங்கள். அங்கே பாவும் ஊடுமாக இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. அது நெசவு. நெசவில் நூல் நேராகக் கிடக்கிறது. அதனால் துணியை இழுத்தால் நூலே நீண்டாலன்றித் துணி நீளாது. பின்னலில் நூல் வளைந்து வளைந்து கிடக்கிறது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை, வளைவுதான் உருமாறுகிறது. சட்டைக்குப் பொத்தான் வேண்டியிருக்கிறது, பனியனுக்கு வேண்டியதில்லை என்பதன் காரணம் இதுவே.

மும்பை, நெசவாலைகளால் வளர்ந்த நகரம். 1854-இல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் இங்கே முதற் பஞ்சாலை நிறுவனத்தைத் தொடங்கியது முதல், கிராங்காமின் புகைபோக்கிகள் ஓயும்வரை, இந்நகரின் பெயர் நெசவோடு சேர்ந்தே சொல்லப்பட்டது. நம் தமிழ்நாட்டிலோ பின்னலுக்கென்றே ஓர் ஊர் இருக்கிறது. திருப்பூரில் வட்ட இயந்திரங்கள் சுழன்று சுழன்று செய்வதும், பாட்டிமார் இரண்டு ஊசிகளால் செய்வதும் அடிப்படையில் ஒரே செயல்தான். இயந்திரத்தில் கண்ணிக்கு ஓர் ஊசி. கையில் எல்லாக் கண்ணிக்குமாக இரண்டே ஊசி. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தை அமைத்தபோது செய்த மாற்றம் இதுவே.

எனக்குக் கற்பித்தவர் செம்பூரில் என் நண்பன் குடியிருக்கும் கட்டடத்தில் உள்ள ஒரு மராட்டிய மூதாட்டி. கட்டடமே அவரை ‘ஆஜி’ என்றழைக்கும். பாட்டி என்பது பொருள். ஞாயிறுதோறும் மாட்டுங்காவில் ஏறிக் குர்லாவில் வண்டி மாறிச் சென்று, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கற்றேன். கண்ணியை அவர் ‘டாக்கா’ என்பார். நேர்க் கண்ணிக்குச் ‘சுலட்’, எதிர்க் கண்ணிக்கு ‘உலட்’. கம்பளிக்கு ‘லோகர்’. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பஞ்சாபித் தோழியிடம் இதே சொற்கள் ‘ஃபந்தா’, ‘சீதா’, ‘உல்ட்டா’ என்று மாறுகின்றன. நம்மவர் வீடுகளில் ‘ஸ்வெட்டர் பின்னுவது’ என்பதோடு சொல் முடிந்துவிடுகிறது. இக்கட்டுரையில் கண்ணி, நேர்க் கண்ணி, எதிர்க் கண்ணி என்றே வழங்குகிறேன்.

நூலைப் பற்றி. கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்து வைக்கப்படுவது பெரும்பாலும் அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வருவது, ஆட்டை அறியாதது. அதனால் அது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, பூச்சி அரிக்காது, துவைப்பது எளிது. புதியவர் கைக்கு அதுவே போதும். உண்மைக் கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை உட்கொண்டும் ஈரம் தோன்றாமல் இருக்கும். அதன் அருமை அது. இரண்டையும் பிரித்தறிய விரும்பினால், ஒரு விரல்நீளத் துண்டை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, சுடரை அகற்றியதும் தானே அணையும்; சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கரிய கெட்டி மணியாக நிற்கும். பருத்தி நூலை முதற் பின்னலுக்கு எடுக்காதீர்கள். அதற்குத் துள்ளல் இல்லை. கையின் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் துணியில் எழுதிவைத்துவிடும். கறுப்பு நிறமும் வேண்டாம். இரவு விளக்கில் கண்ணி தெரியாது.

ஊசியில் ஒரு புதிர் உண்டு. நம் நாட்டுக் கடைகளில் இன்னும் பழைய ஆங்கில எண்ணும் வழங்குகிறது. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் எண் 4 மில்லிமீட்டர், ஏழாம் எண் 4.5, ஆறாம் எண் 5. நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு ஏழாம் எண் நன்று.

இனிக் கைவேலை. நூலின் நுனியில் ஒரு சுருக்குப் போட்டு இடக்கை ஊசியில் மாட்டுங்கள். அது முதற் கண்ணி. வலக்கை ஊசியின் முனையை அக்கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகச் செலுத்துங்கள். பந்திலிருந்து வரும் நூலை வல ஊசியின் அடியாகக் கொண்டுவந்து, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே மேலிருந்து இறக்குங்கள். இப்போது வல ஊசியின் முனையால் அந்நூலைப் பழைய கண்ணியின் வழியே முன்புறம் இழுத்துக்கொள்ளுங்கள். புதுக் கண்ணி பிறந்துவிட்டது. அதைத் திருப்பி இட ஊசியில் மாட்டினால் இரண்டு கண்ணிகள் ஆயின. இவ்வாறே 36 கண்ணி ஏற்றுங்கள். கண்ணி ஏற்றுவதற்கு வேறு முறைகளும் பல. ஆயினும் ஆஜி இம்முறையையே முதலில் சொல்லித்தருகிறார். இதில் கை கற்கும் அசைவே பின்னலின் அசைவும் ஆகையால், 36 கண்ணி ஏற்றி முடிப்பதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

பின்னும்போது வேறுபாடு ஒன்றே: புதுக் கண்ணியை இட ஊசிக்குத் திருப்பாமல் வல ஊசியிலேயே நிறுத்திக்கொண்டு, பழைய கண்ணியை இட ஊசியிலிருந்து நழுவ விடுவது. புகு, சுற்று, இழு, நழுவவிடு. இந்த நான்கையும் ஆஜி மராட்டியில் ஒரு தாலாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே பின்னுவார். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. மப்ளருக்கு இதற்குமேல் ஒன்றும் தெரிய வேண்டுவதில்லை. கூட்டல் இல்லை, குறைத்தல் இல்லை, கை வைத்துத் தைத்தல் இல்லை. முதற்பாடத்திற்கு மப்ளரைவிடச் சிறந்தது வேறில்லை என்பது இதனாலேயே. மாட்டுங்கா மார்க்கெட்டில் நம் ஊர்ப் பூக்காரப் பெண்கள் பேசிக்கொண்டே மல்லிகை தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண் வேறெங்கோ இருக்கும். விரல் நூலை வளைத்துச் சுருக்கிட்டுக்கொண்டே இருக்கும். அத்தகைய விரல் ஏறத்தாழ முப்பது வரிசைக்குப்பின் புதியவர்க்கும் வருகிறது.

அதற்குமுன் வரும் இடையூறுகள் சில. புதியவர் நூலை இறுக்கிப் பிடிப்பர். அச்சத்தில் பிடிக்கும் பிடி அது. கண்ணி ஊசியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். நூலைச் சுண்டுவிரலில் ஒருமுறை சுற்றி, ஆட்காட்டி விரலின்மேல் ஓடவிட்டால் இறுக்கம் தானே சீர்ப்படும். மற்றொன்று, 36 கண்ணி 37, 38 என்று ஏறிக்கொண்டே போவது. ஓரத்து முதற் கண்ணியின்மேல் நூல் கவிந்து கிடந்தால், அந்த ஒரு கண்ணி இரண்டாகத் தோன்றும். அதை இரண்டாகவே பின்னிவிடுவோம். வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்குக் கீழே பின்புறம் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். இடையில் ஒரு கண்ணி நழுவி விழுந்தால் கலங்கவேண்டாம். அது ஏணிபோலக் கீழே இறங்கும். ஒரு கொக்கியூசியால் ஏணியின் படிகளை ஒவ்வொன்றாகக் கண்ணியின் வழியே இழுத்து மேலேற்றலாம். முடிச்சே இல்லாத துணி இது. மீனவர் வலையில் கண்ணிக்குக் கண்ணி முடிச்சு இருப்பதால் ஓரிடம் அறுந்தாலும் வலை நிற்கும். பின்னலில் நுனி நூலைப் பிடித்து இழுத்தால் முழு மப்ளரும் மீண்டும் நூலாகிவிடும். பாட்டிமார் சிறுத்துப்போன ஸ்வெட்டரைப் பிரித்து அடுத்த பேரனுக்குப் பின்னும் சிக்கனம் இதனால் வாய்த்தது.

எல்லா வரிசையையும் நேர்க் கண்ணியாகவே பின்னச் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று மாற்றிப் பின்னினால் பனியன் போன்ற வழவழப்பான துணி வரும். பார்க்க அழகு, ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். பழைய பனியனை வெட்டிப் பாருங்கள், வெட்டிய ஓரம் சுருளும். ஒவ்வொரு கண்ணியிலும் நூல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுக்கப்பட்டு வளைந்திருக்கிறது. நிமிர்ந்துவிட வேண்டும் என்று அது முயல்கிறது. எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அந்த முயற்சிகள் கூடித் துணியைச் சுருட்டுகின்றன. ஊசிகளைத் திருப்பித் திருப்பி நேர்க் கண்ணியே பின்னும்போது, ஒரு வரிசை இப்பக்கம், அடுத்த வரிசை அப்பக்கம் என்று கண்ணிகள் மாறி மாறி நிற்கின்றன. முயற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன; துணி தட்டையாகக் கிடக்கிறது. இதை ஊசி பிடித்தவர் யாவரும் நெடுங்காலமாக அறிவர். ஆயினும் எண்ணால் அளந்து காட்டும் முயற்சி அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எலிசபெத்தா மட்சுமோட்டோ என்னும் இயற்பியலறிஞரின் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நூல் ஒன்றாகவே இருக்க, நேர்க் கண்ணியையும் எதிர்க் கண்ணியையும் அடுக்கும் முறையை மாற்றினாலே துணியின் விறைப்பும் நீட்சியும் மாறுவதைச் சோதனையாலும் கணிப்பாலும் காட்டியிருக்கின்றனர். பலபடிச் சேர்மங்களைப் பயிலும் எனக்கு இது மிக இனித்தது. பொருளின் தன்மைக்கு மூலக்கூறு காரணம் என்று நாள்தோறும் படிப்பவன் நான். இங்கோ மூலக்கூறு மாறவேயில்லை. வடிவம் மட்டும் மாறுகிறது.

இனிக் கணக்கு. மேலே சொன்ன நூலிலும் ஊசியிலும் 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு ஏறத்தாழ 20 கண்ணி வரும். 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 40 வரிசை. 36 கண்ணி என்றால் 18 சென்டிமீட்டர் அகலம். ஒன்றரை மீட்டர் நீளத்திற்கு 600 வரிசை. பெருக்கினால் 21,600 கண்ணி. ஒரு வரிசைக்கு அகலத்தைப்போல் மூன்று மடங்கிற்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நூல் செல்லும். ஆக 360 மீட்டர். பன்னிரண்டு பெட்டி லோக்கல் வண்டியைவிட நீளமான ஒரே நூல். தேறிய புதியவர் நிமிடத்திற்கு 20 கண்ணி பின்னுவார் என்று கொண்டால், ஒரு மப்ளருக்குப் 18 மணி நேரம். இரட்டை வேகமுள்ளவர்க்கும் 9 மணி நேரம். 30 அங்குல விட்டமும், அங்குலத்திற்கு 24 ஊசியும் உடைய ஒரு வட்ட இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். ஒரே நூலை ஊட்டினாலும் பத்துச் சுற்றுக்குள் அது 21,600 கண்ணிகளைக் கடந்துவிடும். அக்கண்ணிகள் மிகச் சிறியவை என்பது உண்மையே. ஆயினும் தாதர் நடைபாதையில் மப்ளர் அவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி என்பது இதனால் விளங்கும்.

இந்தப் பதினெட்டு மணி நேரத்தை என் கையால் எண்ணிய பிறகு, ஒரு சொல் என் செவிக்கு உறுத்தத் தொடங்கியது. ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல். நான் தாராவியில் வளர்ந்தவன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. நான் ஊசியோடு வீட்டுக்குப் போன அன்று அம்மா, “ஏல, படிக்கப் போன பிள்ளை ஊசியும் நூலுமா வந்து நிக்கான் பாரு” என்று சிரித்தார். அடுத்த வீட்டுச் சித்தி அப்போது வாசலில் அமர்ந்து, தைத்து வந்த சட்டைகளில் தொங்கும் நூல்களை அறுத்துக்கொண்டிருந்தார். டசன் கணக்கில் கூலி. “சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு வேலைடே” என்றார். சும்மா இருக்கும் நேரம் எது என்று நான் எண்ணிப் பார்த்தேன். விடியலில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிய பின் மாலைவரை. இரவு உணவுக்குப்பின் மறுபடியும். அதற்கு ‘வேலை நேரம்’ என்ற பெயர் இல்லை. ஆகவே வேலைக்குரிய கூலியும் இல்லை.

இது புதிய செய்தியன்று. ஆந்திரத்து நரசாபுரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே கொக்கியூசியால் பின்னும் லேஸ் வேலையை மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்களின் கைவேலை வெளிநாட்டுச் சந்தைவரை சென்றது. அவர்களோ இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டனர். அவர்களது உழைப்பு ஓய்வுநேரச் செயல் என்றே கொள்ளப்பட்டது. பெயர் அப்படியிருந்ததால் கூலி குறைவாயிற்று. வாணிகமும் அதன் ஊதியமும் ஆண்களிடம் இருந்தன.

ஆனால் நம் தென்கோடியில் நூல்வேலை வேறொரு விதமாகவும் நடந்திருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தாவும் 1819-இல் நாகர்கோயிலுக்கு வந்தனர். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, 1820-களில் லேஸ் பின்னக் கற்பித்தார். இது நம் இரண்டூசிப் பின்னல் அன்று. மரக்கட்டைகளில் பல நூல்களைச் சுற்றித் திண்டின்மேல் ஊசி குத்தி முறுக்கிச் செய்வது. அக்காலத் திருவிதாங்கூரில் மனிதர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அம்முறை சட்டப்படி முற்றும் ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் வேலையில் ஈட்டிய காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் நாகர்கோயிலில் இருந்தனர். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அவ்வேலையும் உடன் சென்றது. மொழிநூலறிஞராகக் கால்டுவெல்லை நம் மன்றத்தில் அறியாதார் இலர். அவர் வீட்டில் நூல் கற்பித்த அம்மையாரைப் பேசுவார் அரியர்.

அடிமைப் பெண்ணின் கையில் நூல் விடுதலைக்கு விலையாயிற்று. இல்லத்தரசியின் கையில் அதே நூல் ‘சும்மா இருக்கும் நேரம்’ ஆயிற்று. நூல் ஒன்றுதான். எண்ணிக் கூலி கொடுத்தவர் யார், எண்ண மறுத்தவர் யார் என்பதே வேறுபாடு. சித்திக்கு நான் செய்தது சிறிய உதவி. ஒரு வாரத்துக்கு அவர் அறுத்த டசன்களையும் மணி நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். மணிக்கு என்ன கிடைக்கிறது என்று வகுத்துச் சொன்னபோது அவர் சிறிதுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் அந்த நோட்டை, துணி கொண்டுவருபவரிடம் காட்டினார். கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் உடன் நின்றனர். டசனுக்கு உரிய கூலி சற்று உயர்ந்திருக்கிறது. போதுமான அளவு அன்று. நோட்டு இன்னும் எழுதப்படுகிறது.

மப்ளரை முடிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆனதும் இரண்டு கண்ணிகளைப் பின்னுங்கள். இட ஊசியின் முனையால் முதலில் பின்னியதைத் தூக்கி, இரண்டாவதன் தலைக்குமேல் தாண்டவிட்டு இறக்குங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னுங்கள், மறுபடியும் தாண்டவிடுங்கள். இவ்வேலையைத் தளர்வாகச் செய்க. இறுக்கினால் கடைசி ஓரம் மட்டும் சுருங்கி, மப்ளர் கத்தரிக்காய் வடிவம் பெறும். கடைசிக் கண்ணியில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, அதனூடே இழுத்துவிடுங்கள். தொங்கும் நுனிகளைப் பருத்த தையலூசியில் கோத்து, மேடுகளின் அடியில் மூன்றங்குலம் சென்று, திரும்பி இரண்டங்குலம் வாருங்கள். முடிச்சுப் போடவேண்டாம், கழுத்தில் உறுத்தும்.

வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூள் சிறிதளவு இட்டு நனைத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டிப் பிழிந்து, பாயின்மேல் கிடத்தி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையால் ஒன்றரை மீட்டர் இரண்டு மீட்டராகும். அக்ரிலிக்கின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். சூட்டில் நூலின் சுருள் நெகிழ்ந்து துணி துவண்டுவிடும். பிறகு எதனாலும் மீளாது. மன்ற அறையின் அலமாரியில் ஏழாம் எண் ஊசி இரண்டு இணை வைத்திருக்கிறேன். கற்க விரும்புவோர் வியாழன் மாலையில் வரலாம். நூலை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும். வெளிர் நிறமாக இருக்கட்டும்.